டிஃபெண்டர் காட்டும் பிழைச்செய்திகள்: ஃபார்மேட் செய்யும் முன் பார்க்க வேண்டியவை

திருப்பூரில் சிறிய எம்பிராய்டரி யூனிட் நடத்தும் அன்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. அலுவலகத்தில் இருப்பது விண்டோஸ் 10 போட்ட ஒரே கணினி. டிசைன் திருத்துவது, டாலியில் கணக்கு எழுதுவது, ஜிஎஸ்டி தாக்கல் செய்வது, ஆள்களுக்குச் சம்பளம் அனுப்புவது எல்லாம் அதில்தான். மூன்று வாரமாக அதில் மூன்று செய்திகள் மாறி மாறி வருகின்றன. விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் அமைப்புகள் உள்ள விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்தால், ‘இந்த அமைப்பை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்று சொல்லி, பாதுகாப்பை இயக்கும் பொத்தான் சாம்பல் நிறத்தில் அசையாமல் நிற்கிறது. அப்டேட் கொடுத்தால் 80072எஃப்8எஃப் என்ற எண்ணைக் காட்டி நின்றுவிடுகிறது; அதே காலை வேளைகளில் ஜிஎஸ்டி தளமும் திறப்பதில்லை. இவை போதாதென்று, திரையின் வலது கீழ் மூலையில் ‘5 வைரஸ்கள் கண்டுபிடிக்கப்பட்டன, உங்கள் சந்தா முடிந்துவிட்டது’ என்று ஒரு பெட்டி சில நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்து மறைகிறது. கணினி விற்ற கடைக்காரத் தம்பி ஃபார்மேட் செய்துவிடலாம் என்கிறார். மைத்துனர் புதிதாக ஓர் ஆன்டிவைரஸ் வாங்கிப் போடச் சொல்கிறார். எதைச் செய்வது என்பதுதான் கேள்வி.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். கோவையிலும் திருப்பூரிலும் சிறு அலுவலகங்களின் கணினிகளைப் பார்த்துக்கொடுக்கும் வேலையில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், இந்த மூன்று செய்திகளும் ஒரே கோளாற்றிலிருந்து வருபவை அல்ல. ஒன்றைப் பேசுவது பிரவுசர். இன்னொன்றுக்குக் காரணம் பெரும்பாலும் கடிகாரம். மூன்றாவது, யாரோ எழுதி வைத்துவிட்டுப் போன ஒரு கட்டளை. ஃபார்மேட் செய்தால் முதலாவது போகும், இரண்டாவது அப்படியே இருக்கும், மூன்றாவது கடைக்காரரின் பென் டிரைவிலிருந்தே திரும்பி வந்தாலும் வரும். அது எப்படி என்பதைக் கீழே விளக்குகிறேன். செய்திகள் திரையில் ஆங்கிலத்தில் வந்தாலும் இங்கே அவற்றின் பொருளைத் தமிழில் தருகிறேன். எண்களுக்கு முன்னால் வரும் பூஜ்யத்தையும் எக்ஸ் எழுத்தையும் விட்டுவிட்டேன்.

பிழைச்செய்தி எதுவானாலும் அதைப் பேசுவது யார் என்று பார்ப்பதுதான் முதல் வேலை. அந்த ‘5 வைரஸ்’ பெட்டி மறைவதற்குள் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, பெரிதாக்கிப் பாருங்கள். செய்திக்கு மேலோ கீழோ சிறிய எழுத்தில் குரோம் அல்லது எட்ஜ் என்ற பிரவுசரின் பெயரும், அதனருகில் ஏதோ ஒரு தளத்தின் முகவரியும் இருக்கும். விண்டோஸின் சொந்த அறிவிப்பாக இருந்தால் விண்டோஸ் செக்யூரிட்டி என்ற பெயரும் கேடய அடையாளமும் இருக்கும். தள முகவரி இருக்காது. இலவச டிசைன் கோப்புகளைத் தேடும்போது, ‘நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அனுமதி என்பதை அழுத்துங்கள்’ என்று கேட்கும் பக்கம் ஒன்றில் யாரோ அழுத்தியிருப்பார்கள். அந்த அனுமதியின் பெயரில் அந்தத் தளம் விளம்பரத்தை வைரஸ் எச்சரிக்கை வேடத்தில் அனுப்பிக்கொண்டிருக்கிறது. உங்கள் கணினிக்குள் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 5 என்ற எண்ணிக்கையும் அதன் கற்பனைதான்.

இதைச் சரிபார்க்கப் பலர் சொல்லும் வழி, விண்டோஸ் செக்யூரிட்டியில் உள்ள பாதுகாப்பு வரலாறு என்ற பக்கத்தில் அந்த 5 வைரஸ்களும் பதிவாகியிருக்கின்றனவா என்று பார்ப்பது. நல்ல நிலையில் உள்ள கணினிக்கு அது சரியான வழிதான். ஆனால் உங்கள் கணினியில் காவலே முடங்கிக் கிடப்பதால், வரலாறு காலியாக இருப்பது எதையும் நிரூபிக்காது. அறிவிப்பில் அச்சாகியிருக்கும் தள முகவரியையே சாட்சியாகக் கொள்ளுங்கள். பிரவுசர் அமைப்புகளில் தள அனுமதிகள் என்ற பகுதிக்குப் போய், அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத எல்லாவற்றையும் நீக்கிவிட்டால் பெட்டி எழுவது நின்றுவிடும். இதற்குள் அந்தப் பெட்டியை நம்பி யாராவது கார்டு எண் கொடுத்திருந்தாலோ, அதில் இருந்த தொலைபேசி எண்ணுக்குப் பேசி, கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதித்திருந்தாலோ, முதலில் வங்கியையும், சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணையும் அழைத்துச் சொல்லிவிட்டுப் பிறகு மற்றதைப் பாருங்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழைச்செய்திகளில் தொலைபேசி எண் இருக்கவே இருக்காது.

அடுத்து, அந்த எண். இத்தகைய எண்களைக் கண்டதும் அப்படியே தேடுபொறியில் போட்டு, முதலில் வரும் ‘ஒரே கிளிக்கில் சரிசெய்யும்’ மென்பொருளை இறக்கிக்கொள்வது நம் ஊரில் நடக்கும் வழக்கமான விபத்து. எண்ணையே கொஞ்சம் படிக்கப் பழகிவிட்டால் அந்தத் தேடலில் பாதி தேவைப்படாது. 8007 என்று தொடங்கும் எண்களில், கடைசி நான்கு இலக்கங்கள்தான் செய்தி. அவை பதினாறின் அடிமானத்தில் எழுதப்பட்டவை. விண்டோஸ் கால்குலேட்டரை புரோகிராமர் என்ற நிலைக்கு மாற்றி, ஹெக்ஸ் என்ற இடத்தில் தட்டினால் நமக்குப் பழக்கமான எண்ணாக மாற்றித் தரும். 80070422 என்பதில் உள்ள 0422, கணக்கில் 1058. அதாவது அந்தச் சேவையே முடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. 80070005 என்றால் 5, அனுமதி மறுப்பு. 80070070 என்றால் 112, வட்டில் இடமில்லை. 80070643 என்றால் 1603, நிறுவல் பாதியில் முறிந்தது. கணினியை ஒருமுறை முழுதாக மறுதொடக்கம் செய்தாலே இது பல நேரம் தீர்ந்துவிடும். கட்டளைச் சாளரத்தில் நெட் ஹெல்ப்எம்எஸ்ஜி என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு 1058 போன்ற எண்ணைக் கொடுத்தால், விண்டோஸே அதன் பொருளை ஒரு வரியில் சொல்லும், இணையமே தேவையில்லை. இணையத் தொடர்பு பற்றிய 12000 வரிசை எண்களுக்கு மட்டும் அந்தக் கட்டளை பெரும்பாலும் உதவாது.

உங்களுக்கு வந்தது அந்த வரிசையைச் சேர்ந்ததுதான். 2எஃப்8எஃப் என்பது 12175. பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்த முடியவில்லை என்பது அதன் பொருள். இணைப்பு இல்லை என்று அது சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். இணைப்பு இருக்கிறது, மறுமுனையில் இருப்பவரின் அடையாளச் சான்றை ஏற்க முடியவில்லை என்கிறது. சேவையகத்தின் பெயரையே கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் 12007, பதிலுக்குக் காத்திருந்து நேரம் கடந்துவிட்டது என்றால் 12002 என்று வந்திருக்கும். அப்போது ரூட்டரையும் இணையச் சேவையையும் சந்தேகிக்கலாம். அடையாளச் சான்று ஒவ்வொன்றிலும், இந்த நாளிலிருந்து இந்த நாள் வரை செல்லும் என்று இரண்டு தேதிகள் இருக்கும். கணினியின் தேதி அந்த இரண்டுக்கும் வெளியே இருந்தால், சான்று எவ்வளவு சரியானதாக இருந்தாலும் கணினி அதை ஏற்காது. ஜிஎஸ்டி தளமும் அதே காலைகளில் திறக்க மறுக்கிறது என்று நீங்கள் எழுதியிருந்த வரிதான் என்னை இந்தப் பக்கம் திருப்பியது. அப்டேட் சேவையகத்துக்கும் ஜிஎஸ்டி தளத்துக்கும் பொதுவாக இருப்பது உங்கள் கணினியின் கடிகாரம் ஒன்றுதான்.

சோமனூர்ப் பக்கம் ஒரு விசைத்தறி அலுவலகத்தில் இதே எண்ணோடு ஒரு கணினியைப் பார்த்தேன். ஆன்டிவைரஸை இரண்டு முறை கழற்றி மாட்டி, ரூட்டரை மாற்றி, கடைசியில்தான் என்னை அழைத்திருந்தார்கள். நான் போனது மத்தியான வேளை. எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. கணக்கு எழுதும் பெரியவர் வெகு இயல்பாகச் சொன்னார்: ‘காலையில வந்ததும் காலண்டர்ல தேதி கிழிச்சுப்போட்டு, கம்ப்யூட்டர்லயும் நாந்தானுங்க தேதி மாத்தி விடறேன். நாலு மாசமா அப்படித்தானுங்க. அதையெல்லாமா சொல்லோணும்?’ அவர் தேதி மாற்றுவதற்கு முன் வேறு யாராவது கணினியைத் திறந்த காலைகளில் மட்டும் பிழை வந்திருக்கிறது. சிபியுவின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால் உள்ளே மெத்தை போல் பஞ்சு. அதை ஊதித் தள்ளிய பிறகுதான் மதர்போர்டில் இருந்த பேட்டரியே கண்ணுக்குத் தெரிந்தது. மல்டிமீட்டரில் 1.9 வோல்ட் காட்டியது.

சட்டைப் பொத்தான் அளவில் இருக்கும் அந்தப் பேட்டரியின் மேல் சிஆர்2032 என்று எழுதியிருக்கும். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்பதுதான் அந்த எண். மின்சாரம் வந்துகொண்டிருக்கும்வரை, கணினியை அணைத்திருந்தாலும் கடிகாரம் அந்த மின்சாரத்திலேயே ஓடும். மின்சாரம் அறவே இல்லாத நேரத்தில்தான் பேட்டரி தாங்க வேண்டும். வீடுகளில் பிளக் எப்போதும் செருகியே இருப்பதால் பேட்டரி செத்தது பல மாதம் தெரியாது. நம் யூனிட்டுகளிலோ இரவு பூட்டும்போது மெயினையே இறக்கிவிட்டுப் போகிறோம். யுபிஎஸ்ஸும் சற்று நேரத்தில் ஓய்ந்துவிடும். காலையில் கணினி விழிக்கும்போது அதற்கு ஏதோ ஒரு பழைய வருடத்தின் ஜனவரி 1. உங்கள் பிழை காலையில் வருவதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தோன்றவில்லை. நாளைக் காலை கணினியைப் போட்டதும், வேறு எதையும் தொடும் முன், வலது கீழ் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். நாளும் மாதமும் மட்டுமல்லாமல் வருடத்தையும் பாருங்கள்.

இணையத்திலிருந்து தேதி தானாகச் சரியாகிவிடாதா என்று கேட்பீர்கள். சிறு வித்தியாசம் என்றால் ஆகிவிடும். தனிக் கணினிகளில் விண்டோஸின் நேரச் சேவை வழக்கமாக 54,000 வினாடி, அதாவது 15 மணி நேரம் வரையிலான பிழையைத்தான் தானாகத் திருத்தும். அதற்கு மேல் போனால் எதிரே இருப்பவர் ஏமாற்றுகிறாரோ என்று சந்தேகித்து ஒதுங்கிவிடும். நீங்களே பொத்தானை அழுத்தினாலும், ‘பாதுகாப்புக் காரணங்களால் நேரத்தைப் பொருத்த முடியவில்லை, உங்கள் தேதி பொருந்தவில்லை’ என்ற பொருளில் இன்னொரு செய்தி வரக்கூடும். தேதியைக் கையால் சரியாக வைத்துவிட்டுப் பிறகு பொத்தானை அழுத்த வேண்டும். அப்போது நேர மண்டலம் இந்தியாவுக்குரிய +5:30-இல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மண்டலம் அமெரிக்காவில் இருக்க, முள்ளை மட்டும் நம் நேரத்துக்கு நகர்த்தி வைத்திருக்கும் கணினிகள் உண்டு; பார்வைக்கு மணி சரியாக இருக்கும், உள்கணக்கில் ஏறத்தாழ அரை நாள் பிசகியிருக்கும்.

பேட்டரியை மாற்றுவது ஐந்து நிமிட வேலைதான், ஆனாலும் அதற்கு முன் இரண்டு காரியம் செய்துகொள்ளுங்கள். விண்டோஸ் எழும் முன் இயங்கும் பயாஸ் என்ற நிரலின் அமைப்புப் பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பேட்டரியைக் கழற்றியதும் அவை தொடக்க நிலைக்குப் போய், வட்டு இணைப்பு முறை மாறினால் விண்டோஸ் எழும்பாமல் நீலத் திரை காட்டி உங்களைக் கலங்கடிக்கும். வட்டு பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருந்தால், மீட்புச் சாவியான 48 இலக்க எண்ணை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் அந்தத் திரையைத் தாண்ட கடைக்காரராலும் முடியாது, என்னாலும் முடியாது.

இனி, மூன்றில் உண்மையிலேயே கவலைப்பட வேண்டியதற்கு வருகிறேன். நிறுவனம் நிர்வகிக்கிறது என்கிறதே, உங்கள் யூனிட்டுக்கு மேல் எந்த நிறுவனம் இருக்கிறது? விண்டோஸில் பாலிசி என்றொரு இடம் உண்டு. ஆயிரம் கணினி வைத்திருக்கும் அலுவலகங்களின் நிர்வாகி, ஊழியர்கள் மாற்ற முடியாத கட்டளைகளை எழுதி வைப்பதற்காக உண்டாக்கப்பட்டது அது. அங்கே ஒரு வரி எழுதப்பட்டிருந்தால், எழுதியவர் யாரென்று டிஃபெண்டர் ஆராய்வதில்லை. நிறுவனம் சொல்லியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பொத்தானைப் பூட்டிவிடுகிறது. நிர்வாகி உரிமையோடு ஓடும் எந்த நிரலாலும் அங்கே எழுத முடியும்.

அதில் குற்றமற்ற வழிகளும் உண்டு. ஏற்றுமதி நிறுவனம் ஒன்று கொடுத்த மின்னஞ்சல் கணக்கை உங்கள் கணினியில் சேர்த்தபோது, ‘எனது சாதனத்தை நிர்வகிக்க நிறுவனத்தை அனுமதி’ என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தால் இதே செய்தி வரலாம். அமைப்புகளில் கணக்குகள், வேலை அல்லது பள்ளி அணுகல் என்ற பக்கத்தில் அந்தக் கணக்கு தெரியும். முன்பு இருந்த ஆன்டிவைரஸ் முழுதாக நீங்காமல் மிச்சம் விட்டுப் போயிருந்தாலும் வரலாம். ஆனால் நம் பகுதியில் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் வேறு. மனம் நோகாமல் கேட்கிறேன்: அந்த டிசைன் மென்பொருள் காசு கொடுத்து வாங்கியதா, கிராக் போட்டதா? விண்டோஸ்?

கிராக் மென்பொருளோடு வரும் குறிப்பின் முதல் வரியே, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவுங்கள் என்பதாக இருக்கும். 2019 முதல் விண்டோஸ் 10-இல் டேம்பர் புரொடெக்‌ஷன் என்றொரு தடுப்பு இருக்கிறது. டிஃபெண்டரின் அமைப்புகளை வேறு நிரல்கள் மாற்ற அது விடாது. ஆகவே அதை ஒரு மனிதர் கையால் அணைத்திருக்க வேண்டும். அணைத்தபின் அந்த நிரல் பாலிசியில் ஒரு வரி எழுதி, நேரடிக் காவலை நிரந்தரமாகப் பூட்டிவிட்டு, வேண்டுமானால், டிஃபெண்டர் சோதிக்காமல் விட வேண்டியவை அடங்கிய விலக்குப் பட்டியலில் சி டிரைவ் முழுவதையும் சேர்த்துவிட்டுப் போகும். டிஃபெண்டருக்குள் வைரஸ் பாதுகாப்பு அமைப்புகளின் அடியில் விலக்குகள் என்ற பக்கம் இருக்கிறது; பொதுவாக யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை, நான் முதலில் திறப்பது அதைத்தான். ஒரு முழு டிரைவோ, தற்காலிகக் கோப்புறையோ, பதிவிறக்கங்கள் கோப்புறையோ அங்கே இருந்தால், அதைச் சேர்த்தவருடைய நோக்கம் நல்லதல்ல என்று கொள்ளலாம்.

யார், எப்போது என்பதற்கு எழுத்துச் சாட்சியும் இருக்கிறது. கணினியில் நடப்பவற்றின் பதிவேட்டைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன்ஸ் அண்டு சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ் டிஃபெண்டர், ஆபரேஷனல் என்று வரிசையாகப் போங்கள். 5001 என்ற எண்ணுள்ள பதிவு, நேரடிக் காவல் நிறுத்தப்பட்டதைச் சொல்வது. 5007 என்பது அமைப்பு மாற்றம். அதில் பழைய மதிப்பு, புதிய மதிப்பு இரண்டும் இருப்பதால், விலக்குப் பட்டியலில் எந்தக் கோப்புறை சேர்ந்தது என்பதுகூடத் தெரியும். 1116 என்றால் தீநிரல் கண்டறியப்பட்டது, 1117 என்றால் அதன்மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டது. உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு: கடிகாரம் பிசகியிருந்த காலைகளில் எழுதப்பட்ட பதிவுகளில் தேதியும் பிசகியே இருக்கும். எனவே தேதி வரிசையை நம்பாமல், பதிவின் விவரப் பகுதியில் உள்ள ரெக்கார்டு ஐடி என்ற எண்ணைப் பாருங்கள்; அது தேதி எப்படிப் போனாலும் ஏறுமுகமாகவே போகும். முன்னும் பின்னும் சரியான தேதியுள்ள இரண்டு பதிவுகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தால் உண்மையான நாள் பிடிபடும். அந்த நாளில் கணினியில் யார் உட்கார்ந்தார், எதை நிறுவினார் என்பது உங்களுக்கே நினைவு வரும்.

சரிசெய்யும் வரிசை முக்கியம். கடிகாரத்தைச் சரிசெய்யாமல் அப்டேட் வராது. அப்டேட் இல்லாமல் சோதிப்பது அரைச் சோதனை. ஆகவே தேதி, பிறகு டிஃபெண்டரின் அப்டேட், பிறகு டேம்பர் புரொடெக்‌ஷன் அணைந்திருக்கிறதா என்று பார்த்தல், பிறகு விலக்குகளை நீக்குதல். அதன்பின் டிஃபெண்டரிலேயே உள்ள ஆஃப்லைன் ஸ்கேன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கணினி மறுதொடக்கமாகி, விண்டோஸ் எழும் முன்பே ஏறத்தாழ 15 நிமிடம் சோதிக்கும். விண்டோஸுக்குள் ஒளிந்துகொள்ளத் தெரிந்தவை அப்போது ஒளிய முடியாது. இரண்டாவது கருத்து வேண்டுமானால், மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில், இந்திய ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் தந்த இலவசக் கருவிகள் கிடைக்கின்றன.

சோதனை முடிந்த பிறகே பாலிசியைத் தொட வேண்டும். விண்டோஸின் அமைப்புகள் எழுதப்பட்டிருக்கும் இடம் ரெஜிஸ்ட்ரி. அதைத் திருத்தும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின் என்ற கிளையின் கீழ் சாஃப்ட்வேர், பாலிசீஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் டிஃபெண்டர் என்ற வரிசையில் போனால், டிஸேபிள் ஆன்டிஸ்பைவேர் என்றோ, உள்ளே உள்ள துணைக் கிளையில் டிஸேபிள் ரியல்டைம் மானிட்டரிங் என்றோ ஒரு பெயர், 1 என்ற மதிப்போடு இருக்கக்கூடும். அந்தக் கிளையை எக்ஸ்போர்ட் செய்து ஒரு நகல் வைத்துக்கொண்டு, அந்தப் பெயரை மட்டும் நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். ரெஜிஸ்ட்ரியில் கை வைத்துப் பழக்கமில்லை என்றால் பழகியவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பொத்தான் உயிர் பெற்று, மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் அப்படியே இருந்தால் நல்லது. நீக்கிய வரி திரும்ப முளைத்தால், அதை எழுதும் நிரல் இன்னும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அப்படி முளைத்தாலோ, ஆஃப்லைன் சோதனையில் கடவுச்சொல் திருடும் வகை ஏதாவது அகப்பட்டாலோ, நானும் ஃபார்மேட் என்றுதான் சொல்வேன். அந்தத் தம்பி சொன்னது அப்போது சரியாகிவிடும். ஆனால் எந்த பென் டிரைவிலிருந்து விண்டோஸ் போடப் போகிறார் என்பதைக் கேளுங்கள். போன முறை கிராக் வந்த அதே பென் டிரைவ் என்றால், பாலிசி வரியும் அதிலிருந்தே வரும். மூன்று வாரத்தில் நீங்கள் இதே கேள்வியை மறுபடியும் எழுதுவீர்கள். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நேராக இறக்கிய நகலாக இருக்க வேண்டும். டிஎஸ்டி டிசைன் கோப்புகள், டாலியின் டேட்டா கோப்புறை, பில்கள், படங்கள் ஆகியவற்றை மட்டும் எடுத்து வையுங்கள். நிறுவும் கோப்புகள் எதையும் எடுத்து வைக்க வேண்டாம், அது எவ்வளவு அருமையான மென்பொருளாக இருந்தாலும். வங்கி, மின்னஞ்சல், ஜிஎஸ்டி கடவுச்சொற்களை வேறொரு சுத்தமான சாதனத்திலிருந்து மாற்றுங்கள். நோயுள்ள கணினியிலேயே உட்கார்ந்து மாற்றினால் புதியதும் போய்விடும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை வேலை முடிந்ததும் பிடுங்கி மேசை இழுப்பறையில் வையுங்கள். நாள் முழுவதும் செருகியே வைத்திருக்கும் வழக்கம் உங்களிடமும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மைத்துனர் சொன்ன புதிய ஆன்டிவைரஸ் பற்றி. காசு கொடுத்து வாங்குவதில் தவறொன்றுமில்லை. சென்னை, புனே நிறுவனங்களுடையவை நம் கடைகளிலேயே கிடைக்கின்றன. ஆனால் அது மேற்சொன்ன மூன்றில் எதையும் தீர்க்காது. பாலிசி வரி இருந்த இடத்திலேயே இருக்கும், கடிகாரம் பிசகினால் புதியதும் அப்டேட் ஆகாது. வேறொரு ஆன்டிவைரஸ் தன்னைப் பதிவு செய்துகொண்டால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். ஒரே வாசலில் இருவர் நின்று ஒவ்வொரு கோப்பையும் மாறி மாறித் தடுக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. கணினியோடு வந்த சோதனைப் பதிப்பு ஒன்றின் காலம் முடிந்த பின்னும் அதை நீக்காமல் விட்டிருந்தால், அதுவும் வேலை செய்யாமல் டிஃபெண்டரும் ஒதுங்கியே நிற்க, வாசல் திறந்து கிடக்கவும் கூடும். அப்படி ஏதாவது இருந்தால், அதைத் தயாரித்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியைக் கொண்டு வேரோடு எடுத்துவிடுங்கள்.

காவல் மறுபடி உயிர் பெற்ற பிறகு புதிதாகச் சில செய்திகள் வரும். அவற்றைக் கண்டு பழைய நோய் திரும்பிவிட்டது என்று எண்ண வேண்டாம். ஜாப் ஒர்க் கொடுப்பவரின் பென் டிரைவிலிருந்து கோப்பை எடுக்கும்போது 800700இ1 என்று நிற்கலாம். இ1 என்பது 225. கோப்பில் வைரஸ் இருப்பதால் பணி முடியவில்லை என்பது பொருள். பென் டிரைவ் பழுது என்று நினைத்து வேறு கணினியில் போட்டு எடுத்து வருவதுதான் இங்கே பலர் செய்யும் தவறு. பெரும்பாலும் அதில் டிசைனின் பெயரிலேயே ஒரு ஷார்ட்கட் இருக்கும், உண்மையான டிஎஸ்டி கோப்பு மறைத்து வைக்கப்பட்டிருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் மறைந்த கோப்புகளையும் கோப்பு விகுதிகளையும் காட்டும்படி வைத்தால் இரண்டும் தெரியும்.

இதற்கு எதிர்ப்புறமும் உண்டு. உள்ளூர் ஆள் எழுதிக்கொடுத்த எடைமேடை நிரல், லேபிள் அச்சிடும் நிரல் போன்றவற்றைச் சில நேரம் டிஃபெண்டர் தவறாகப் பிடித்துவிடும். பிடித்த பெயரின் கடைசியில் எம்எல் என்று இருந்தால், அது அறியப்பட்ட வைரஸின் கைரேகை பொருந்தியதால் அல்ல, கணினி தன் அனுமானத்தால் சந்தேகித்தது என்று பொருள். அப்போதும் உடனே விலக்குக் கொடுக்க வேண்டாம். எழுதியவரிடம் புதிய நகல் வாங்கிப் பாருங்கள், மைக்ரோசாஃப்டுக்குச் சோதனைக்கு அனுப்பும் வசதியையும் பயன்படுத்துங்கள். பெயரில் ஹேக்டூல் என்று இருந்தால் அனுமானத்துக்கு இடமே இல்லை. அது கிராக் கருவியைத்தான் சொல்கிறது.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்று வரும் அறிவிப்பு உண்மையானது. அதைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். டிஃபெண்டருக்கான வைரஸ் அடையாள அப்டேட்டுகளை 2028 அக்டோபர் வரை தருவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது, ஆனால் விண்டோஸின் ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்டுகள் தனித் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே. ஃபார்மேட்தான் என்று முடிவானால், அந்த மதர்போர்டு விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்பதையும் அதே கையோடு பார்த்துக்கொள்ளுங்கள்.

20-ஆம் தேதி ரிட்டர்ன் நெருக்கத்தில் இவற்றில் எதையும் தொடங்காதீர்கள். தேதியை மட்டும் கையால் சரிசெய்து, தாக்கலை வேறு நம்பகமான கணினியிலிருந்து முடித்துவிடுங்கள். நாளைக் காலை திரையில் காணும் தேதியும் வருடமும், விலக்குகள் பக்கத்தின் படம், 5007 பதிவுகளில் உள்ள புதிய மதிப்புகள், இவை மூன்றையும் எழுதினால், ரெஜிஸ்ட்ரியில் எந்த வரியை நீக்குவது, எதைத் தொடாமல் விடுவது என்று குறிப்பாகச் சொல்ல முடியும்.